சிறு துரும்பின் பெருங்கதை

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. எதனையும் அற்பமென்று தள்ளாதே என அறிவுறுத்தவே அவர்கள் இதனைச் சொல்லி வைத்தனர். பழமொழியின் உட்பொருளைப் பற்றிக் கொண்ட நாம், அதன் நேர்ப்பொருளை ஏனோ பொருட்படுத்தவில்லை. பல் குத்துவது ஓர் அற்பச் செயல், அதற்குப் பயன்படும் துரும்பு அதனினும் அற்பம் என்பதன்றோ நம் எண்ணம்? அந்த அற்பச் செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் சமுதாயத்தின் அறிஞர்களுக்குப் பெரும் பங்கும் உண்டு.

திருமண விருந்து முடிந்த பந்தலைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்கள் கை கழுவி எழுகிறார்கள். அடுத்த கணம் ஒருவர் சட்டைப் பையில் தீக்குச்சியைத் தேடுகிறார். மற்றொருவர் பந்தலின் கீற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடிக்கிறார். இன்னொருவர் ஊக்கைக் கழற்றிக் கடைவாயில் நுழைக்கிறார். ஆட்டிறைச்சியின் நார் ஒன்று பல்லிடுக்கில் சிக்கிக் கொண்டால் உண்ட சுவையெல்லாம் மறந்து, மனம் முழுவதும் அந்த ஓரிடத்திலேயே நிலைத்துவிடுகிறது. நாவு ஓயாது அங்கேயே சென்று துழாவுகிறது. அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவான துன்பம் இது.

நாம் நன்கறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தொழுகைதோறும் மிஸ்வாக் செய்யத் தவறாதவர். அவர் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு. மிஸ்வாக் குச்சி இல்லாத நாள் இல்லை. ஐம்பது வயதைக் கடந்ததும் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கி, இறுதியில் அவற்றை எடுத்துவிட வேண்டியதாயிற்று. “இத்தனை ஆண்டு பேணியும் இப்படி ஆயிற்றே!” என்று அவர் மனம் நொந்தார். பல் மருத்துவர் அவரிடம் அமைதியாகச் சொன்னது இது: பற்களின் முகப்பு பளிங்கு போல் இருக்கிறது, நோய் வந்தது பற்களுக்கு இடையில். அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

இரு சொற்கள்

அரபு மொழியில் பற்களின் தூய்மை குறித்து இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ஸிவாக். தேய்த்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது அது. மற்றொன்று கிலால். இடைவெளி என்பது அதன் பொருள். இடைவெளியினுள் செலுத்தும் சிறு குச்சிக்கும் அதுவே பெயர். முன்னது பல்லின் பரப்பைத் தேய்ப்பது. பின்னது பல்லின் இடுக்கைத் துழாவுவது. இரண்டும் ஒன்றன்று என்பதை மொழியே பிரித்துக் காட்டிவிட்டது.

கிலால் என்னும் சொல்லின் உறவினர் பலர். ஒளுச் செய்யும்போது கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் இடையே நீர் படும்படி விரல்களைக் கோதுகிறோமே, அதற்குத் தக்லீல் என்று பெயர். தாடியின் உரோமங்களுக்கிடையே ஈரவிரல்களைச் செலுத்துவதும் தக்லீலே. திருமறையின் 18ஆம் அத்தியாயத்தில் இரு தோட்டங்களின் நடுவே ஆறு ஓடியதைக் கூறுமிடத்திலும் இச்சொல்லே இடம் பெற்றுள்ளது. நண்பனைக் குறிக்கும் கலீல் என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது என்பர் அகராதி வல்லார் சிலர். உள்ளத்தின் இடைவெளிகளிலெல்லாம் புகுந்து நிறைந்துவிடும் அன்புக்கு உரியவன் ஆதலால் அவன் கலீல் ஆனானாம். இப்ராஹீம் நபி (அலை) அவர்களுக்குக் கலீலுல்லாஹ் என்னும் திருப்பெயர் வாய்த்ததை எண்ணும்போது, பல்லிடுக்கில் தொடங்கிய சொல்லாராய்ச்சி எத்துணை உயரத்துக்கு நம்மை ஏற்றிவிடுகிறது!

அகழ்ந்தெடுத்த சான்று

பல் குத்தும் பழக்கம் எழுத்துக்கும் அரசுக்கும் முந்தியது. ஜார்ஜியா நாட்டின் த்மனிசி என்னுமிடத்தில் ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தாடை எலும்புகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், மெல்லிய பொருளொன்றை மீண்டும் மீண்டும் செலுத்தியதால் உண்டான தேய்மானமும் அதனையொட்டிய புண்ணின் அடையாளமும் உள்ளன என ஆராய்ச்சியாளர் 2013இல் எழுதினர். குரோவேஷியாவின் கிராப்பினாவில் கிடைத்த நியாண்டர்தால் மனிதரின் பற்களிலும் இத்தகைய பள்ளங்கள் காணப்பட்டுள்ளன. காட்டில் வாழும் குரங்கினங்கள் சிலவற்றின் பற்களிலும் இவை போன்றவை தென்படுவதால், பள்ளம் ஒவ்வொன்றையும் குச்சியின் வேலை என்று முடிவு கட்டலாகாது என அண்மைக்கால அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். ஆயினும் சிக்கியதை அகற்ற முயன்ற ஆதிமனிதனின் கையை நாம் கற்பனை செய்து பார்ப்பதில் தவறில்லை.

வரலாற்றுக் காலத்தில் குச்சி அரண்மனையிலும் நுழைந்தது. கி.மு. 289இல் சிராகூஸ் நகரின் கொடுங்கோலன் அகத்தோக்கிளிஸ் மாண்டான். உணவுக்குப் பின் பல் குத்த அவனுக்குக் கொடுக்கப்பட்ட இறகில் நஞ்சு தோய்க்கப்பட்டிருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதி வைத்தார். படைகளை வென்றவனை ஓர் இறகு வென்ற கதை அது.

பக்தாதின் விருந்திலிருந்து இமாமின் ஏடு வரை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்குப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் சான்று. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடுமோ என்ற எண்ணம் இல்லாதிருப்பின் தொழுகைதோறும் அதனைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். உலகை விட்டுப் பிரியும் வேளையிலும் அண்ணலாரின் பார்வை மிஸ்வாக்கின் மீது சென்றதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை மென்மையாக்கிக் கொடுத்ததையும் கண்ணீரோடு படித்திருக்கிறோம்.

கிலாலைப் பற்றிய செய்திகள் இத்துணை பரவலாக அறியப்பட்டவை அல்ல. குச்சியால் எடுத்ததைத் துப்பிவிட வேண்டும், நாவால் துழாவி எடுத்ததை விழுங்கலாம் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பு ஒன்று அபூதாவூதில் உண்டு. இதன் அறிவிப்பாளர் வரிசையில் குறை கண்ட ஹதீஸ் கலை வல்லுநரும் உண்டு. ஒளுவிலும் உணவுக்குப் பின்னும் தக்லீல் செய்வோரைப் பாராட்டும் மற்றோர் அறிவிப்பும் பலவீனமானதே. ஆகவே இவற்றை மிஸ்வாக் பற்றிய ஹதீஸ்களுக்கு இணையாக நிறுத்துவதற்கில்லை. ஆயினும் விரலிடுக்கையும் பல்லிடுக்கையும் ஒரே சொல்லால் இணைத்து எண்ணிய மனப்பாங்கு தொடக்கக் காலத்திலேயே நிலவியது என்பதை இவற்றால் உணரலாம்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் என்பார் அரண்மனைச் சமையல் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தொகுத்தார். இறைச்சியும் இனிப்பும் சமைக்கும் முறைகளைச் சொன்ன அவர், கை கழுவும் நறுமணப் பொடிகளைப் பற்றியும் கிலாலைப் பற்றியும் கூறாமல் விடவில்லை. விருந்தோம்பல் கடைசிக் கவளத்தோடு முடிவதில்லை. விருந்தினர் வாய் தூய்மையாகி எழும்போதே முடிகிறது என்பது அக்காலத்து நாகரிகம் போலும்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யா உலூமித்தீனில் உண்ணும் ஒழுக்கத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். உணவுக்குப் பின் கிலால் செய்வதும், குச்சியால் வெளிவந்ததை எறிந்துவிடுவதும், அதன்பின் வாய் கொப்பளிப்பதும் அங்கே முறையாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆன்மாவின் நோய்களை ஆராய்ந்த பேரறிஞர், பல்லிடுக்கின் துணுக்கையும் தம் கவனத்திலிருந்து தப்பவிடவில்லை.

சட்ட அறிஞர்களும் இத்துணுக்கை விட்டாரில்லை. நோன்பாளி ஒருவர், இரவில் உண்டதன் மிச்சம் பல்லிடுக்கில் இருந்து பகலில் உள்ளே சென்றுவிட்டால் நோன்பு என்னவாகும்? அது கொண்டைக்கடலையின் அளவை விடச் சிறிதாயின் நோன்பு முறியாது என்பது ஹனஃபி மத்ஹபின் முடிவு. உமிழ்நீரோடு கலந்து, பிரித்துத் துப்ப இயலாத நிலையில் தானே இறங்கிவிட்டால் குற்றமில்லை; பிரித்துத் துப்ப முடிந்தும் வேண்டுமென்றே விழுங்கினால் நோன்பு முறியும் என்பது ஷாஃபியீ மத்ஹபின் முடிவு. கடற்கரை ஊர்களில் ஷாஃபியீகளாகவும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளாகவும் பெரிதும் வாழும் தமிழ் முஸ்லிம்கள், ஸஹருக்குப் பின் வாயை நன்கு தூய்மை செய்துவிட்டால் இவ்விரு முடிவுகளையும் பற்றிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. சட்டம் இத்துணை நுணுக்கமாக நோக்கிய இடத்தை, நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் நாம் நோக்குவதில்லை.

ஸஹ்ராவியின் சுரண்டிகள்

ஸ்பெயின் நாட்டின் குர்துபா மாநகருக்கு அருகே, மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர் அபுல் காஸிம் அல்ஸஹ்ராவி. கி.பி. 1013 அளவில் மறைந்த இவர் இயற்றிய அத்தஸ்ரீஃப் 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பற்களில் படியும் சொரசொரப்பான காறையைப் பற்றி அதில் அவர் எழுதுகிறார். அது கருமையாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும் காணப்படும் என்றும், அதன் கேடு ஈறுகளுக்குப் பரவும் என்றும், நாளடைவில் பற்களின் அடி வெளியே தெரிந்துவிடும் என்றும் விளக்குகிறார்.

நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் வைத்துக்கொண்டு காறையைச் சுரண்ட வேண்டும் என்பது அவர் கூறும் முறை. ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடர வேண்டும். இதற்கென 14 சுரண்டிகளின் படங்களை அவர் வரைந்து காட்டினார். பல்லின் உட்புறத்தைச் சுரண்டும் கருவி வேறு; வெளிப்புறத்தைச் சுரண்டுவது வேறு; பற்களுக்கு இடையே சுரண்டுவது இன்னும் வேறு வடிவம் என்று அவர் வகுத்தது நம் சிந்தனைக்கு உரியது. இடைவெளிக்குத் தனிக் கருவி வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுவிட்டார்.

அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனா, பதுவா நகரங்களில் மருத்துவம் கற்பித்த ஜொவான்னி தார்க்கொலி என்பார், அர்ராஸீயின் மருத்துவ நூலுக்கு உரை எழுதினார். உணவுக்குப் பின் மெல்லிய மரக்குச்சியால் பற்களைத் தூய்மை செய்க என்று அதில் அவர் அறிவுரை கூறினார். குச்சியின் முனை சற்று அகன்றிருக்க வேண்டும்; கூராக இருத்தலாகாது. இடுக்கை நெடுநேரம் குடைந்து ஈறுக்குக் காயமோ பல்லுக்கு அசைவோ ஏற்படுத்தலாகாது. இன்றைய பல் மருத்துவர் சொல்லும் அறிவுரையும் இதுவன்றோ?

ஒரு செடி தந்த கொடை

குச்சிக்கு மரம் தேவை. மிஸ்வாக்கு அராக் மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் கிடைக்கிறது. சங்க நூல்கள் உகாய் என்று குறிப்பிடும் மரம் இதுவே என்பது தாவர ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நம் தென்கடற்கரையின் உவர் நிலங்களிலும் இது வளர்கிறது. மக்காவின் கடைத்தெருவில் விலை கொடுத்து வாங்கி வரும் குச்சியின் உடன்பிறப்பு நம் ஊர்க்கரையில் நிற்பதைப் பலர் அறியார்.

கிலாலுக்கோ மற்றொரு செடி உண்டு. எகிப்திலும் மொராக்கோவிலும் விளையும் அச்செடிக்கு அரபியில் கில்லா என்றே பெயர். குடை போல விரியும் அதன் பூங்கொத்து காய்ந்ததும் காம்புகள் ஒவ்வொன்றும் உறுதியான பற்குச்சி ஆகிவிடும். இறைவன் சீவித் தந்த குச்சிகள்! ஸ்பானிய மொழியில் இச்செடியை பிஸ்நாகா என்பர். அரபு வழியாக அங்குச் சென்ற பெயர் அது. தெற்கு ஸ்பெயினின் மலாகா நகரில் இச்செடியின் காய்ந்த காம்புகளில் மல்லிகை மொட்டுகளைக் கோத்துப் பூப்பந்து செய்கிறார்கள். அந்நகரின் சின்னமாகவே அது விளங்குகிறது.

கதை இத்தோடு முடியவில்லை. சிறுநீரகக் கல்லின் வலிக்கு இச்செடியின் வித்தைக் காய்ச்சிக் குடிப்பது எகிப்திய மக்களின் கைமருந்து. 1940களில் கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துவந்த அன்ரெப் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் அதனைக் குடித்தபோது, அவருக்கிருந்த நெஞ்சுவலியும் தணிந்தது. அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் வழியே, 1961இல் பெல்ஜியத்தில் இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் என்னும் மருந்து உருவாயிற்று. சிரியாவில் பிறந்த ரோஜர் அல்தூன்யான் என்னும் மருத்துவர் தாமே ஆஸ்துமா நோயாளி. இச்செடியின் சத்திலிருந்து பிறந்த சேர்மங்களைத் தம் உடலிலேயே சோதித்து, 1960களில் ஆஸ்துமாவைத் தடுக்கும் குரோமோலின் என்னும் மருந்தை உலகுக்கு அளித்தார். பல் குத்த உதவிய துரும்பு இதயத்துக்கும் மூச்சுக்கும் உதவியது. நம் பழமொழியை ஆக்கியவர் இதனை அறிந்திருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

நூலும் ஆய்வும்

மேலை நாட்டில் குச்சியின் இடத்தில் நூல் வந்தது. 1819இல் அமெரிக்கப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகு தடவிய பட்டு நூலைப் பற்களுக்கிடையே செலுத்தித் தூய்மை செய்யும் முறையை ஒரு நூலில் விளக்கினார். 1882இல் பட்டு நூல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டின் இடத்தை நைலான் பிடித்தது. இந்நாளில் பல்லிடுக்குக்கென்றே மிகச் சிறிய தூரிகைகளும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

இடுக்கில் என்னதான் நிகழ்கிறது? உணவின் துணுக்கு மட்டுமே அங்குப் பகையன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் மென்படலமாகப் பல்லின் மீது படிகின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லை அரிக்கிறது. அப்படலம் ஈறை வீங்கச் செய்கிறது. நாளடைவில் காறையாக இறுகுகிறது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்பவரும் அவர்தம் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் நீங்கியது. தூய்மை தவறினால் நோய், தூய்மை திரும்பினால் நலம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

பல் துலக்கியின் குச்சமும் மிஸ்வாக்கின் நாரும் பல்லின் முகப்பையே பெரிதும் சென்றடைகின்றன. இரு பற்கள் நெருங்கித் தொடும் இடத்தின் கீழே அவை நன்கு புகுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுரை, துலக்குவதோடு நூலையோ இடுக்குத் தூரிகையையோ சேர்த்துக் கொள்வது ஈறு அழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும், நூலை விடத் தூரிகை மேலாக இருக்கக்கூடும் என்றும் கூறியது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. அந்த நேர்மையையும் நாம் பாராட்ட வேண்டும்.

நாம் விட்ட பாதி

இப்போது அந்தப் பெரியவரின் துயரத்துக்குத் திரும்புவோம். அவர் செய்தது ஒன்றும் தவறன்று, சுன்னத்தைப் பேணினார். மிஸ்வாக்கின் சிறப்பை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். உலக சுகாதார நிறுவனமே 1980களில் அதன் பயனை ஏற்றது என்று பெருமை பேசுகிறோம். அப்பெருமை நியாயமானதே. ஆயின் ஸிவாக்கோடு கிலாலையும் சேர்த்துக் கற்பித்த நம் முன்னோரின் பாடத்தில் ஒரு பாதியை எங்கோ கைநழுவ விட்டுவிட்டோம். எஞ்சியது தீக்குச்சியும் ஊக்குமே.

ஊக்கும் ஊசியும் ஈறைக் கிழிக்கும்; கிழிந்த இடத்தில் நஞ்சு ஏறும். குச்சியை வாயில் கடித்தபடியே பேசுவதும் சிரிப்பதும் ஆபத்து. அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் பற்குச்சியொன்றை அறியாமல் விழுங்கி, அது குடலைத் துளைத்ததால் 1941இல் உயிரிழந்தார். நாள்தோறும் ஒரே இடத்தில் உணவு சிக்குமானால், அங்கே பல் சொத்தையாகியிருக்கலாம், அடைத்த இடம் உடைந்திருக்கலாம், பற்கள் விலகியிருக்கலாம். அதனைக் குச்சியால் குடைந்து காலம் கழிப்பதை விட மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. நாள்தோறும் ஒருமுறை, உறங்கச் செல்லுமுன், நூலாலோ சிறு தூரிகையாலோ இடுக்குகளை மெல்லத் தூய்மை செய்துகொள்ளச் சில நிமிடங்களே போதும். இவை இல்லாத இடத்தில் கூரற்ற மென்குச்சியும், அதன்பின் வாய் நிறைய நீரும் உதவும்.

அந்தப் பெரியவர் தம் இறுதி ஆண்டுகளில் பேரப்பிள்ளைகளுக்கு ஒளுச் செய்யக் கற்றுக் கொடுப்பார். சிறு கைகளைத் தம் கைகளில் ஏந்தி, விரல்களைக் கோத்து, “இங்கேயும் நீர் பட வேண்டும், இங்கேயும் நீர் பட வேண்டும்” என்று காட்டுவார். பிறகு தம் வாயைத் திறந்து, வெறுமையாய்க் கிடந்த அந்த இரண்டு இடங்களையும் காட்டுவார். “விரலிடுக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதையும் மறந்துவிடாதீர்கள்” என்பார். தக்லீல் என்னும் சொல்லுக்கு அதனினும் சிறந்த விளக்கவுரையை நாம் கேட்டதில்லை.